தளைநாரும் சப்பாத்தும்

பனை ஏறக் காலில் மாட்டுகிற தளைநாரின் நீளத்தை நாடா பிடித்து யாரும் அளப்பதில்லை. மரத்தின் பருமன், ஏறுகிறவரின் பாத அகலம், அவர் காலை விரித்து மிதிப்பவரா ஒடுக்கி மிதிப்பவரா என்று பார்த்து, கண்மதிப்பில் முறுக்குவதுதான் வழக்கம். கொஞ்சம் நீண்டுவிட்டால் கால் விலகிப் பிடி கழலும். குறுகிவிட்டால் கணுக்கால் உள்ளே மடங்கி, காலமைச் சீவல் முடிவதற்குள் நோவு தொடங்கிவிடும். வடமராட்சியில் எங்கள் ஐயா வடலி மட்டையில் உரித்த நாரை ஊறவைத்து, தன் தளைநாரைத் தானே முறுக்குவார். மற்றவர் நாரில் ஏறவே மாட்டார். எனக்கு அவர் முறுக்கித் தந்த முதல் நார் அவருடையதைவிட அரைச் சாண் குறைவு. என்னுடைய பாதம் ஒடுங்கல் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரியவந்தது பல வருடங்கள் கழித்து, செருப்புத் தைக்கப் பழகிய பிறகு.

நான் இளவயதில் சில பருவங்கள் பனை ஏறிக் கள்ளுச் சீவினேன். பிறகு இடப்பெயர்வுகளுக்கு நடுவே ஒரு பட்டறையில் சேர்ந்து செருப்புச் செய்யக் கற்றேன். கடையில் தொங்கும் செருப்பில்லை. நீரிழிவால் உணர்வு போன கால், தொழுநோயில் விரல் குறைந்த கால், வெடியில் பாதி போன கால், இவற்றுக்கான செருப்பு. இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் உள்ளங்காலை மடியில் வைத்துப் பார்ப்பதே என் பிழைப்பு. ஆகவே மரமேறுகிறவர்களின் கால் எனக்கு இரண்டு பக்கத்தாலும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மலை இல்லை. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் தட்டை. கீரிமலையில்கூட மலை கிடையாது. உயரம் என்று எங்களுக்கு வாய்த்தது பனைதான். அறுபது எழுபது அடி மரம் சாதாரணம், நூறடியைத் தொடுகிற கிழட்டுப் பனைகளும் உண்டு. தெற்கே களுத்துறைப் பக்கம் தென்னங்கள்ளு எடுக்கிறவர்கள் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, ஒரு மரத்தில் ஏறினால் கயிற்றில் நடந்தே அடுத்த மரங்களுக்குப் போவார்கள். எங்கள் பனைகளில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு மரமும் தனியாக ஏறித் தனியாக இறங்க வேண்டும். காலையும் மாலையும். பாளை சீவாமல் ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து கள்ளு நின்றுவிடும் என்பதால் தை, மாசியில் தொடங்கினால் பருவம் முடியும்வரை காலுக்கு ஓய்வு கிடையாது.

ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அது கையால் செய்கிற வேலை போலத் தெரியும். கை மரத்தை அணைத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பாரத்தைத் தூக்குவது கால். இரண்டு பாதத்தையும் தளைநாருக்குள் நுழைத்து, உள்ளங்கால்களை மரத்தின் இரு பக்கமும் சாய்த்து வைக்கும்போது, உடம்பின் பாரம் பாதங்களை வெளியே தள்ளப் பார்க்கும். நார் விடாது. வெளியே போக முடியாத பாரம் மரத்தை நோக்கித் திரும்பி உள்ளங்காலைப் பட்டையோடு அழுத்துகிறது. எவ்வளவு பாரமோ அவ்வளவு பிடி. நடுவில் இழுபட்டு நிற்கிற நாரும் மரத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு கையில் தொங்கி முழங்காலை மடித்துக் காலை ஒரு முழம் மேலே இழுத்து, மறுபடி மிதி. இதில் விரல்களுக்கு வேலை மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். விரல்கள் பட்டையின் வரம்பைத் தடவிக்கொண்டு சும்மா இருக்கும். அடிக்கிற இடம் நடுப்பாதமும் பாதத்தின் வெளிவிளிம்பும்.

அதனால்தான் சீவல் தொழிலாளியின் காலைக் கண்டவுடன் சொல்லிவிடலாம். நடக்கிறவர்களுக்குக் காய்ப்பு குதிக்காலிலும் முன்பாதத்திலும் வரும். எங்களுக்கு நார் உரசுகிற வெளிவிளிம்பிலும், சின்னவிரலுக்குப் பின்னாலும், புறங்காலின் வளைவிலும் இருக்கும். ஐயாவின் புறங்காலில் நார் படிந்த தடம் பருவம் இல்லாத காலத்திலும் அழியாமல் கிடந்தது. விரல்களோ விசிறி மாதிரி விரிந்திருக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே என் சுண்டுவிரலை வைக்கலாம்.

காய்ப்பு என்றால் தோல் செத்துப்போனது, உணர்வு கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவம் படித்தவர்கள்கூட என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஏறியவனுக்குத் தெரியும், அது உண்மை இல்லை. பனி விழுந்த காலமையில் பட்டை ஈரமா, பாசியா, செதில் கிளம்பி நிற்கிறதா என்பதைக் கண் பார்க்க முடியாது, முகம் மரத்தோடு ஒட்டியிருக்கும். உள்ளங்கால்தான் பார்க்கும். 2019-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கென்யாவிலும் அமெரிக்காவிலும் வெறுங்காலோடு நடப்பவர்களையும் சப்பாத்துப் போடுபவர்களையும் ஒப்பிட்டு, தோல் எவ்வளவு தடித்தாலும் உள்ளங்காலின் உணர்வு அதனால் குறைவதில்லை என்று காட்டியிருந்தார்கள். தடித்த தோல் விறைப்பாக இருப்பதால் கீழே உள்ள நரம்புக்குச் செய்தியை அப்படியே கடத்துகிறது. மெத்தென்ற சப்பாத்து அடிதான் அதை விழுங்கிவிடுகிறது.

இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிடப் பிடித்தது. உகண்டாவில் ட்வா என்ற வேடர் குலத்து ஆண்கள் தேனுக்காக மரம் ஏறுகிறார்கள். அவர்கள் ஏறும்போது கணுக்கால் முன்பக்கம் 45 பாகைக்கும் மேல் மடிகிறது. வழக்கமாக நகரத்து மனிதனின் கணுக்கால் அவ்வளவு மடிந்தால் ஏதாவது அறுந்திருக்க வேண்டும். 2013-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களுடைய எலும்பில் வித்தியாசம் தேடவில்லை. கெண்டைக்கால் தசையின் இழைகளை அளந்தார்கள். பக்கத்து ஊரில் பயிர் செய்து வாழ்கிறவர்களைவிட ஏறுகிறவர்களின் தசை இழை நீளமாக இருந்தது. பிலிப்பைன்ஸில் அக்தா மக்களிடமும் அதே கதை. சின்ன வயதிலிருந்து ஏறி ஏறித் தசை நீண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். எங்கள் ஊரில் பதினாறு வயதுக்கு மேல் தொழிலுக்கு வந்தவனை, “உனக்குக் கணுக்கால் முத்திப்போச்சு தம்பி” என்று கிழவர்கள் திருப்பி அனுப்புவார்கள். நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன்.

இனி என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். பட்டறைக்கு வந்த சீவல் தொழிலாளிகளின் கால்களைப் பார்த்தால், மரம் கெடுத்த கால் குறைவு. விழுந்து முறிந்தவை வேறு கணக்கு, அதை நான் இங்கே சேர்க்கவில்லை. நாள்பட்டுக் கெட்ட கால்களைச் சொல்கிறேன். அவற்றைக் கெடுத்தது தரை. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கிற தரை. பனங்காணியில் காய்ந்த மட்டையின் கருக்கு வாள் போலக் கிடக்கும். நெருஞ்சி, கள்ளி, உடைந்த முட்டிச் சில்லு. குதிக்கால் பித்தவெடிப்பில் மண் ஏறிச் சீழ் பிடித்தவர்கள், கருக்கு அறுத்து ஏற்பு ஊசி போடாமல் விட்டவர்கள், முள் உள்ளேயே முறிந்து ஆணியாகிப் போனவர்கள். ஏறுகிற காலுக்கு வேண்டியது மரத்தில் வெறுமை, தரையில் செருப்பு. எங்களவர்களுக்கு முதலாவது வாய்த்தது. இரண்டாவது நெடுங்காலம் மறுக்கப்பட்டது.

மறுக்கப்பட்டது என்றே எழுதுகிறேன். ஐயாவின் தலைமுறையில் பனையில் ஏறுகிற சாதியார் மேற்சட்டை போடுவதும் குடை பிடிப்பதும் செருப்புப் போடுவதும் ஊரில் திமிராகப் பார்க்கப்பட்டது. பெரியவர்களின் ஒழுங்கையால் போகும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். 1957-இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவுப் போராட்டம் நடந்தது. சட்டம் வந்த உடனே கால் மாறவில்லை. ஒரு முறை கழற்றிப் பழகினவர்கள் கழற்ற வேண்டாத காலத்திலும் வெறுங்காலோடுதான் போனார்கள்; “செருப்புக் கால் மரத்தில நிக்காது” என்று அதற்கொரு தொழில் நியாயமும் சொல்லிக்கொண்டார்கள். அந்த நியாயத்தில் பாதி உண்மை இருந்ததால் யாராலும் அதை மறுக்க முடியவில்லை. ஐயாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த பாட்டா செருப்பு கோடியில் சாய்ந்து கிடந்தது. கலியாண வீட்டுக்கு மட்டும் போடுவார்.

எங்களவர்களுக்கு நீரிழிவு வந்த பிறகுதான் இந்த வெறுங்கால் உயிர்ப் பிரச்சினையானது. பட்டறையில் ஒரு நைலான் இழை வைத்திருக்கிறேன், பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, “படுதோ?” என்று கேட்பேன். நல்ல கால் ஒவ்வொரு தொடுகைக்கும் பதில் சொல்லும். நரம்பு கெட்ட கால் சும்மா கிடக்கும். காய்ப்பில் தொட்டால் தெரியும், காய்ப்பில்லாத மெல்லிய தோலில் தொட்டால் தெரியாது என்று வருகிற ஏறுகாரர்களைக் கண்டிருக்கிறேன். காய்ப்பு உணர்வைக் கெடுக்காது என்பதில், மேலே சொன்ன ஆய்வு வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அப்படி உணர்வு போன காலோடு தளைநாருக்குள் நுழைகிறவருக்கு நார் வெட்டுவது தெரியாது. இறங்கி வந்து கள்ளை ஊற்றிவிட்டுப் பார்த்தால் புறங்காலில் இரத்தம். அவர்களுக்குத் தரையில் போட எம்.சி.ஆர். ரப்பரில் அடி வைத்து, பின்பட்டியோடு செருப்புச் செய்து கொடுப்பேன். அந்த ரப்பருக்குள் நுண்ணிய காற்றறைகள் இருக்கும். விரலால் அழுத்தினால் பாதி தடிப்புக்கு இறங்கி மீண்டும் எழும். கடினமான அடியைக் கீழே ஒட்டினால்தான் முள் தைக்காது. மரத்தடியில் கழற்று, இறங்கியதும் காலைத் துடைத்துப் பார், பிறகு போடு என்பதுதான் நான் சொல்கிற வைத்தியம்.

இந்த அறிவோடு இருந்தவனின் மடியில் ஒருநாள் மலையேறுகிற சப்பாத்து வந்து விழுந்தது.

தங்கையின் மகள் ஜெர்மனியில் பிறந்தவள். அங்கே பெரிய கூடங்களில் செயற்கைச் சுவர் கட்டி, நிறம் நிறமாகப் பிடிகளைப் பூட்டி ஏற விடுகிறார்கள். பள்ளிக்கூடக் காலம் தொட்டே அவள் ஏறுகிறாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவள் கோயிலுக்குப் போகச் செருப்பைக் கழற்றியபோது நான் பார்த்தது அவளுடைய விரல்களை. இருபது வயதுப் பிள்ளைக்குப் பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அதன் மூட்டு வெளியே தள்ளியிருந்தது. இரண்டாம் மூன்றாம் விரல்களின் மேல்முட்டியில் காய்ப்பு. ஒரு நகம் கறுத்திருந்தது. தரையைத் தொடாத இடத்தில் காய்ப்பு வருவதை அதுவரை நான் பழைய இறுக்கச் சப்பாத்துக்காரரிடம்தான் கண்டிருக்கிறேன்.

“என்ன பிள்ளை, ஆரும் காலை மிதிச்சவையோ?”

“இல்லை மாமா, ஏறுற சப்பாத்து. எல்லாருக்கும் இப்பிடித்தான்.”

பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். தொழில்காரன் கண்ணுக்கு அது ஒரு அற்புதமான வேலை. அடியில் நாலு மில்லிமீற்றர் ரப்பர், அதற்குமேல் ஒன்றுமில்லை. மஞ்சள் எண்கோணத்துக்குள் விப்ரம் என்ற முத்திரை. அந்தக் கம்பெனியின் கதை எங்கள் தொழிலில் தெரியாதவர் குறைவு. இத்தாலியில் மலையேறியான விதாலே பிரமானி, 1935-இல் ஆல்ப்ஸில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்தார். காலணி அந்தக் குளிருக்கும் பாறைக்கும் ஏற்றதாக இல்லை என்று கண்டு ரப்பர் அடி செய்யத் தொடங்கி, 1937-இல் கொண்டு வந்தார். கையிலிருந்த சப்பாத்து அதற்கு அடுத்த சந்ததி. முன்பக்கம் கிளியின் அலகு மாதிரிக் கீழே வளைந்திருந்தது. பெருவிரல் பக்கமாக நுனி கூர்ந்திருந்தது. குதிக்காலைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டியை இழுத்து ஒட்டியிருந்தார்கள். விரலால் தட்டினேன், தம்புராக் கம்பி போல விறைப்பு. போட்டதும் அந்தப் பட்டி குதிக்காலை முன்னால் தள்ளும். தள்ளப்பட்ட பாதம் நுனியில் முட்டும். போக இடமில்லாத விரல்கள் முட்டி மடங்கிக் கொக்கியாகும். அப்படிக் கொக்கியான பெருவிரல்தான் ஒரு நெல்மணி அகல விளிம்பில் ஆளைத் தூக்கி நிறுத்துகிறது.

தளைநார் இரண்டு காலைச் சேர்த்துக் கட்டுகிறது. இது ஒரே காலின் விரல்களைச் சேர்த்துக் கட்டுகிறது. இரண்டிலும் பாரம் வெளியே வழியாமல் மரத்துக்கோ பாறைக்கோ திருப்பப்படுகிறது. வித்தியாசம், பாரம் எங்கே போய் இறங்குகிறது என்பதில். பனையில் நடுப்பாதம் வாங்குகிறது. அது வில் மாதிரிக் கட்டிய எலும்புகள், வாங்கத் தகுந்த இடம். பாறையில் பெருவிரலின் மூட்டு வாங்குகிறது.

“இது உன்ர அளவோ?”

“ரெண்டு அளவு குறைச்சு.”

“எவ்வளவு நேரம் போட்டிருப்பாய்?”

“ஒரு தரம் ஏற அஞ்சாறு நிமிசம் மாமா. ஆனா ரெண்டு மூண்டு மணித்தியாலம் அங்கதான் நிப்பம்.”

“அந்த ரெண்டு மூண்டு மணித்தியாலமும் உது காலிலயோ?”

சிரித்தாள். கழற்றிப் போடப் பஞ்சி, குதிக்காலை மட்டும் வெளியே எடுத்துவிடுவார்களாம்.

அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போய்ப் பாதத்தடம் எடுத்தேன். மை பூசிய ரப்பர் விரிப்பின் மேல் தாளை வைத்து மிதிக்கச் செய்தால், அழுத்தம் கூடிய இடம் கறுப்பாகவும் குறைந்த இடம் சாம்பலாகவும் பதியும். பக்கத்தில் அல்வாயிலிருந்து வருகிற ஒரு சீவல் தொழிலாளியின் தாளை வைத்தேன். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய தடம் முன்பக்கம் போகப்போக அகன்று, ஐந்து விரலும் தனித்தனிப் பொட்டாகப் பதிந்திருந்தது. வெளிவிளிம்பில் ஒரு தடித்த கறுப்புப் பட்டை. அவளுடைய தடம் முன்பக்கம் ஒடுங்கியது. பெருவிரலின் அடிமூட்டுக்குக் கீழே மை குழம்பிய கறுப்பு, நடுவில் இரண்டு விரல்கள் தாளில் பதியவே இல்லை. வெறுங்காலோடு சும்மா நிற்கும்போதும் அவை தரையைத் தொட மறந்திருந்தன. அவள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்து, “அவருக்கு நோகேல்லையோ?” என்று கேட்டாள். “அவருக்கு முழங்கால் நோ. கால் சுகம்” என்றேன்.

பாறையேறுகிறவர்களின் கால் பற்றி மருத்துவர்கள் 1990-கள் தொட்டே எழுதி வருகிறார்கள். நகத்துக்கு அடியில் இரத்தக்கட்டு, நகச்சுத்து, பெருவிரல் சாய்வு, விரல் மரத்துப்போதல், குதிக்காலுக்குப் பின்னால் வீக்கம். இவை விழுந்து பட்ட காயங்கள் அல்ல, சப்பாத்தால் வருபவை. கனகாலம் ஏறினவர்களுக்கும், கடினமான பாதைகளில் ஏறுகிறவர்களுக்கும், அதாவது இன்னும் இறுக்கமாகப் போடுகிறவர்களுக்கும்தான் பெருவிரல் சாய்வு அதிகம். வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்முனை மூடவில்லை. அவர்களுக்கு இறுக்கம் கூடாது என்று ஜெர்மன் மருத்துவர்களே சொல்கிறார்கள். அவள் தொடங்கியது பத்து வயதில். யாரும் அவளிடம் சொல்லவில்லை, அல்லது சொன்னது ஏறவில்லை.

இறுக்கம் வெறும் நாகரிகம் என்று நான் சொல்லவரவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஸ்பெயினிலிருந்து போரியல் கம்பெனியின் ஒட்டுகிற ரப்பர்ச் சப்பாத்து அமெரிக்காவின் யோசமிட்டிக்குப் போனபோது, அதுவரை நிற்க முடியாத பாறைகளில் ஆட்கள் நின்றார்கள். ரப்பரும் விரலும் ஒன்றாக இயங்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் கால் ஒரு பக்கமும் சப்பாத்து ஒரு பக்கமும் திரும்பும். இறுக்கத்தின் காரணம் அது. ஆனால் காற்று இல்லாமல் இருப்பதும் விரல் மடங்கி நசிவதும் ஒன்றல்ல. பாதத்தைச் சுற்றி நெருக்கிப் பிடித்து, விரலை நீட்டி வைத்தும் சப்பாத்துத் தைக்கலாம். தோல் என்றால் போடப்போட விரியும்; செயற்கைத் துணி விரியாது. இதெல்லாம் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பெரிய வீரர்கள் எதைப் போடுகிறார்கள்?

அவள்தான் எனக்கு இன்னொன்றும் சொன்னாள். ஜெர்மனியின் கிழக்கே, டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் எல்பே ஆற்று மணற்கல் பாறைகள் இருக்கின்றன. அங்கே வெறுங்காலோடு ஏறுவது பழைய வழக்கம். பேர்ண்ட் ஆர்னோல்ட் என்ற பெயர்பெற்ற ஏறுகாரர் மிகக் கடினமான பாதைகளை அப்படி ஏறியிருக்கிறார். பிரான்ஸில் பொந்தன்புளோ காட்டுப் பாறைகளில் சார்ல் அல்பேர் என்ற இளைஞர் இன்றைக்கும் வெறுங்காலில் ஏறுகிறார். அவருடைய காணொளியைக் கைபேசியில் காட்டினாள். விரலைக் குழிக்குள் விட்டு இழுக்கிறார், கையை விடுவது போல. எங்கள் கிழவர்கள் இதைப் பார்த்தால் விரல் விரிவை முதலில் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். விசிறிதான்.

ஏறுகிற கால் என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார். பளைப் பக்கத்துச் சீவல் தொழிலாளி. முகமாலை, எழுதுமட்டுவாள் பனங்காணிகள் எல்லாம் போர்முனை ஆன காலத்தில் அங்கே மரத்துக்கு மரம் மிதிவெடி விதைத்திருந்தார்கள். மீள்குடியேறிய கையோடு பனையைப் பார்க்கப் போனவர்களில் அவரும் ஒருவர். முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர்க் கால் செய்கிறார்கள். அந்தக் கால் 1968-இல் ராஜஸ்தானில், மருத்துவர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. மேலைநாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும், குந்த முடியாது. ஜெய்ப்பூர்க் கால் ரப்பரில் வார்த்த வெறுங்கால். கணுக்கால் மடியும், சேற்றில் இறங்கலாம், சம்மணம் போடலாம். மரமும் ஏறலாம் என்று சொல்வார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் என்னிடம் வந்தார், தளைநார் உரசுகிற இடத்துக்குத் தோல் உறை போட்டுத் தர முடியுமா என்று.

போட்டுக் கொடுத்தேன். குட்டைத் தென்னையில் ஏறிக் காட்டினார். பிடித்தது, நின்றது. ஆனால் இறங்கி வந்து சொன்னதுதான் தொழிலின் உள்விஷயம். “நார் இழுக்கிறது தெரியுது. மரம் தெரியேல்லை.” உயரப் பனையில் அவர் ஏறவில்லை. கருப்பணி காய்ச்சிப் பனங்கட்டி செய்கிற வேலைக்குப் போனார். ஏறு என்று நானும் சொல்லவில்லை.

கேரளத்தில் செம்பேரி ஜோசப் செய்த தென்னை ஏறும் பொறி இங்கேயும் பேசப்படுகிறது. மிதியில் காலை வைத்து மாற்றி மாற்றித் தூக்க வேண்டும், சப்பாத்தோடே ஏறலாம். தென்னைக்கு நல்லது. எங்கள் கிழட்டுப் பனைகளின் அடியில் பருமன் ஒரு கணக்கு, கழுத்தில் ஒரு கணக்கு. நடு மரத்தில் நின்று பொறியைச் சரிசெய்வதற்குள் தளைநார்க்காரன் அடுத்த மரத்தில் இருப்பான். இளம் பிள்ளைகள் தொழிலுக்கு வர வேண்டுமானால் பொறிதான் வழி என்பதையும் நான் மறுக்கவில்லை. வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டில் யார் தளைநார் முறுக்கப் போகிறான்?

மருமகள் திரும்பிப் போவதற்கு முன், அவளுடைய சப்பாத்தின் பெருவிரல் முட்டும் இடத்தை மரக்கட்டை வைத்து விரித்துக் கொடுத்தேன். தோல் என்பதால் இரண்டு இரவில் விட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிறகு முழுதாகக் கழற்ற வேண்டும், வீட்டில் விரலை விரித்து மூடுகிற பயிற்சி செய்ய வேண்டும், அடுத்த சப்பாத்து ஒரு அளவாவது கூட எடுக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை. கழற்றுவது நடக்கிறதாம். பயிற்சி நடப்பதில்லை. அளவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். சாய்ந்த பெருவிரல் தானாக நிமிராது. மேலும் சாயாமல் பார்க்கலாம் என்பதை அவளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

பளைக்காரருக்காகச் செய்த தோல் உறையை இப்போது முழுக்கால் உள்ளவர்களும் கேட்கிறார்கள். நாரும் முன்போல நாரில்லை; நைலோன் கயிறு வந்துவிட்டது, அது ஈரத்தில் ஊறாது, ஆனால் புறங்காலை அறுக்கிறது. சிலர் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொள்கிறார்கள். டியூப் வெயிலில் இளகி ஒட்டும், வியர்வையை உள்ளே வைத்துத் தோலை அவித்துவிடும். நான் செய்வது ஒரு சாண் நீளத்தில் மாட்டுத் தோல், உள்ளே மெல்லிய எம்.சி.ஆர். வரி, கயிற்றின் மேல் நகர்த்திக் கொள்ளலாம். உள்ளங்காலின் பக்கம் ஒன்றுமே வராமல் வெட்டியிருக்கிறேன். அதில் கை வைத்தால் ஒருவரும் வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது. அல்வாய்க்காரர் ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, தையல் வெளிவிளிம்பில் உரசுகிறது, அதை மேல்பக்கம் தள்ளு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். மாசி பிறக்குமுன் மாற்றிக் கொடுக்க வேண்டும்.